துணைவன் தனித்து நின்றால்

படக்கதை என்ற சொல்லைக் கேட்டவுடன் முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே இன்றும் பலர் உளர். சிறுவர் கையிலிருப்பதைப் பிடுங்கிப் பரண்மேல் எறிந்துவிட்டுப் பாடப் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதே கல்வித்தொண்டு என்பது அவர்கள் எண்ணம். நமது எண்ணம் அஃதன்று. எழுதப் படிக்கத் தெரிந்த மக்கள் எதனைத் தம் கைக்காசு கொடுத்து வாங்குகிறார்களோ, எதன்பொருட்டு உண்ணும் சோறு ஆறும்வரை வழக்காடுகிறார்களோ, அதனை எடுத்து ஆராய்வது இலக்கியம் பேசுகிறவர்களின் கடமையேயாகும். கம்பனையும் சாத்தனையும் பேசிய வாயால் பேட்மேனைப் பேசுவதா என்று கேட்கும் அன்பர்கள், அந்தச் சாத்தனாரே இவ்வழக்கில் சாட்சியாக வரப்போகிறார் என்பதை அறிந்து சிறிது பொறுத்தருள்க.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மாலை, பூன் லே உணவங்காடியில், நாசி லெமாக் கடையின் நீண்ட வரிசைக்கு அப்பால் ஒரு வட்ட மேசையைச் சுற்றி நம்மவர் நால்வர் அமர்ந்திருந்தனர். ஒருவர் அருகிலுள்ள நன்யாங் பல்கலைக்கழக மாணவர், ஒருவர் கப்பல் பட்டறையில் வேலை செய்பவர், தமிழ்நாட்டிலிருந்து வந்து பல்லாண்டுகளாயின, மற்றொருவர் மருத்துவமனைத் தாதி, நான்காமவர் நாம். மேசைமேல் ஓர் ஆங்கிலப் படக்கதை இதழ் கிடந்தது. அதன் அட்டையில் கருநீல உடையும் முகமூடியும் அணிந்த ஓர் இளைஞன், கம்பி ஒன்றைப் பற்றி வானில் பாய்ந்துகொண்டிருந்தான். அவன் பெயர் நைட்விங். அவனை வெளியிடும் டிசி என்னும் அமெரிக்கப் பதிப்பகத்தார் அவனுக்கு நன்மை செய்தனரா, தீங்கு செய்தனரா என்பதே வழக்கு. ஒன்றரை மணி நேரம் நடந்தது. நாம் பெரும்பாலும் கேட்டுக்கொண்டிருந்தோம். கேட்டதிலிருந்து எழுந்த நமது முடிபை இங்கு எழுதுகிறோம்.

அறியாதார் பொருட்டு வரலாற்றைச் சொல்ல வேண்டும். பேட்மேன் என்னும் வௌவால் வேடத்து வீரனை 1939ஆம் ஆண்டிலே அப்பதிப்பகத்தார் அறிமுகப்படுத்தினர். மறு ஆண்டில், டிடெக்டிவ் காமிக்ஸ் 38ஆம் இதழில், அவனுக்கு ஒரு சிறுவனைத் துணையாகக் கொடுத்தனர். அச்சிறுவன் வித்தைக் கூடாரத்தில் ஊஞ்சலாடும் குடும்பத்துப் பிள்ளை. பெயர் டிக் கிரேசன். பணம் பறிக்க வந்த கொடியவர்கள் கயிற்றை அறுக்க, தாய் தந்தையர் அவன் கண்முன்னே விழுந்து மாண்டனர். பேட்மேனாகிய செல்வன் அவனை எடுத்து வளர்த்து, ராபின் என்ற பெயரும் சிவப்பும் பச்சையும் மஞ்சளுமான உடையும் கொடுத்து, இரவில் தன்னுடன் அழைத்துச் சென்றான். சிறுவர்கள் தம்மையொத்த ஒருவனைக் கதைக்குள் கண்டு மகிழ்ந்தனர். விற்பனை ஏறக்குறைய இரட்டித்தது என்பர். தனியிருந்த வீரன் பேசுவதற்கு ஓர் ஆள் வேண்டும் என்பதே அச்சிறுவன் படைக்கப்பட்டதற்கு ஒரு காரணம் என்றும் சொல்வர்.

பேசுவதற்கு ஓர் ஆள்! நமது அகப்பாடல்களைப் படித்தவர்களுக்கு இவ்வேலை புதிதன்று. தலைவிக்குத் தோழி, தலைவனுக்குப் பாங்கன். தோழி எத்தனை பாட்டுப் பேசுகிறாள்! தலைவனை இடித்துரைக்கிறாள், செவிலியிடம் மறைத்துரைக்கிறாள், உடன்போக்குக்கு வழி வகுக்கிறாள். அவள் வாயின்றி அகத்திணையில் பாதி ஊமையாகிவிடும். ஆயினும் அவளுக்கென ஒரு களவு உண்டா? அவளுக்கென ஒருவன் குறியிடத்தில் காத்திருந்தானா? புலவர்கள் கேட்கவில்லை. தலைமக்களுக்குப் பெயர் சொல்லக் கூடாதென்பது அகத்தின் மரபு. தோழிக்கோ பெயரோடு வாழ்க்கையும் இல்லை. துணைமாந்தரின் நிலை உலகெங்கும் இதுவே.

கப்பல் பட்டறை அன்பர் இவ்விடத்தில் லொதாரை நினைவூட்டினார். சிவகாசியிலிருந்து 1972 முதல் வெளிவந்த முத்து காமிக்ஸ் இதழ்களைப் படித்து வளர்ந்தவர்களுக்கு மாயவித்தைக்காரன் மாண்ட்ரேக்கும் அவன் தோழன் லொதாரும் நன்கு தெரிந்தவர்கள். 1934இல் அமெரிக்கச் செய்தித்தாளில் தோன்றிய லொதார், ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளுக்கு இளவரசன். அரசைத் துறந்து ஒரு வெள்ளைக்காரன் பின்னே சிறுத்தைத் தோலுடுத்துச் சிதைந்த ஆங்கிலம் பேசிக்கொண்டு பெட்டி சுமந்தான். 1960களில் வேறோர் ஓவியர் பொறுப்பேற்ற பின்னரே அவனுக்கு நல்ல உடையும் நல்ல பேச்சும் கிடைத்தன. "சின்ன வயசுல லொதார்தான் எனக்குப் பிடிக்கும், அண்ணே. ஆனா அவர் ஏன் ஊருக்குத் திரும்பிப் போகலைன்னு அப்ப எனக்குக் கேட்கத் தோணலை" என்றார் அவர். நமக்கும் தோன்றியதில்லை. பெட்டி சுமப்பவன் பெட்டி சுமப்பான் என்று எவ்வளவு எளிதில் ஒப்புக்கொண்டுவிடுகிறோம்!

நிற்க. டிக் கிரேசனின் தனிப்பெருமை யாதெனின், அவன் வளர்ந்தான் என்பதே. இந்த அதிவீரர்கள் எவரும் வளர்வதில்லை. பேட்மேனுக்கு 1939இல் என்ன வயதோ ஏறக்குறைய அதே வயதுதான் இன்றும். அவன் கதைமாந்தன் மட்டுமல்லன். சட்டையிலும் தேநீர்க் கோப்பையிலும் அச்சாகும் வாணிகக் குறி. குறிக்கு நரை வரலாமா? ஆனால் அவன் பக்கத்தில் நின்ற சிறுவன் 1969இல் கல்லூரிக்குப் புறப்பட்டுவிட்டான். இருபத்தொன்பது ஆண்டுகள் பள்ளிப் படிப்பு என்று நகையாடுவோர் நகையாடுக, புறப்பட்டானல்லவா? 1980இல் மார்வ் உல்ஃப்மன் என்ற எழுத்தாளரும் ஜார்ஜ் பெரெஸ் என்ற ஓவியரும் அவனைத் தன்னையொத்த இளைஞர் குழு ஒன்றுக்குத் தலைவனாக்கினர். 1984இல் அவன் சிறுவர் உடையைத் தானே களைந்தான். நாலாண்டு தலைமை தாங்கிப் பழகியவன், இனி எவனுக்கும் பின்னால் நிற்க இயலாது என்று உணர்ந்து, நைட்விங் என்ற புதுப்பெயரோடு வெளிவந்தான். அவ்வுடையின் கழுத்துப்பட்டை காதுவரை நின்றது. இன்று பார்ப்பவர்கள் சிரிப்பர். ஆனால் அதில் வௌவால் சின்னம் இல்லை. அதனைக் கவனிக்க வேண்டும்.

இங்கேதான் நமது வழக்கின் வேர் இருக்கிறது. மூன்றாண்டு கழிந்தது. பதிப்பகத்தார் தம் கதைகளையெல்லாம் புதுக் கணக்காகத் தொடங்க எண்ணிப் பழையவற்றைத் திருத்தி எழுதினர். 1987இல் வெளிவந்த பேட்மேன் 408ஆம் இதழில், ராபின் சுடப்பட்டுக் காயமுறுகிறான். அதைக் கண்ட பேட்மேன், 'இனி உனக்கு இவ்வேலை வேண்டாம்' என்று அவனை நீக்கிவிடுகிறான். அதாவது, தானாக வெளியேறியவன் வேலையிலிருந்து தள்ளப்பட்டவனாக மாற்றப்பட்டான். கதை வாசிப்பவர்க்கு இது சிறிய மாற்றமாகத் தோன்றலாம். ஒரு வீட்டில் வேலை செய்து, ஒருநாள் 'போதும், போகிறேன்' என்று தன் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவ்வீட்டார் பின்னர் ஊரில் என்ன சொல்வார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். 'நாங்கள்தான் அனுப்பிவிட்டோம்' என்பார்கள்.

அதன் பின்னர் நடந்தவற்றைப் பாருங்கள். காலியான இடம் ஒரு நாளேனும் காலியாக இருந்ததா? 1983இலேயே ஜேசன் டாட் என்ற மற்றொரு சிறுவன் வந்தான். அவனுக்குப்பின் 1989இல் டிம் டிரேக். 2004இல் சிறிது காலம் ஸ்டெஃபனி பிரவுன் என்ற பெண். 2009இல் பேட்மேனின் சொந்த மகனே. வேலைக்காரன் போனால் வேலை நிற்பதில்லை. டிக் கிரேசனுக்குத் தன் பெயரில் மாத இதழ் கிடைத்ததோ 1996இல்தான்; அது 2009 வரை 153 இதழ்கள் ஓடிற்று. பிளட்ஹேவன் என்ற சீரழிந்த துறைமுக நகரம் அவனுடைய களமாயிற்று. அவ்வாண்டுகளைப் பற்றி வாசகரிடையே பெரும் பூசலில்லை.

பூசல் பிறந்தது 2005ஆம் ஆண்டையொட்டி. இன்ஃபினிட் கிரைசிஸ் என்ற பெருங்கதையின் முடிவில் நைட்விங்கைக் கொன்றுவிடுவது என்று அக்காலத் தலைமை ஆசிரியர் டான் டிடியோ எண்ணியிருந்தார் என்பதும், எழுத்தாளரும் பிற ஆசிரியரும் தடுக்க அவன் பிழைத்தான் என்பதும் மறைவான செய்தியல்ல; அவரே வெளிப்படையாகப் பேசியதுதான். பின்பு 2009 முதல் 2011 வரை, பேட்மேன் இறந்துவிட்டதாகக் கருதப்பட்ட காலத்தில், கிரேசனே பேட்மேன் உடையை அணிந்தான். நம் மாணவ நண்பர் இதனை அவன் வாழ்வின் உச்சம் என்றார். நாம் உடன்படவில்லை. பரதன் பாதுகையை வைத்து நாடாண்டான், நன்றாகவே ஆண்டான், ஆனால் அது பரதன் ஆட்சியென்று எவர் சொன்னார்? தலைவன் திரும்பியதும் கிரேசன் உடையைக் கழற்றிக் கொடுத்தான். 2013, 2014ஆம் ஆண்டுகளில் பகைவர் அவன் முகமூடியைக் கிழித்து உலகறியச் செய்தனர். அவன் இறந்ததாகப் பாவனை செய்து ஒற்றனாய்ப் போகும்படி பேட்மேன் கட்டளையிட்டான். அவனும் உற்றார் உறவினரை அழவிட்டுப் போனான். ஒற்றன் கதை விறுவிறுப்பானதுதான். ஆனால் முப்பதாண்டுக்குமுன் தன் வழியே நடந்தவன் மீண்டும் கட்டளைக்குக் கைகட்டி நிற்கிறான்.

இனிக் குற்றப்பத்திரிகையின் தலையாய பகுதி. 2018இல், பேட்மேனுடன் ஒரு கூரைமேல் நின்றுகொண்டிருந்த கிரேசனை ஒரு கொலைகாரன் தலையில் சுட்டான். அவன் சாகவில்லை, நினைவிழந்தான். தாய் தந்தையரோடு ஊஞ்சலாடிய சிறுபருவம் நினைவிருந்தது; ராபினாக இருந்ததும் நைட்விங்காக ஆனதும் தோழர்களும் அடியோடு மறந்துபோயின. தன் பெயரை ரிக் என்று சுருக்கிக்கொண்டு வாடகைக் கார் ஓட்டினான். அவன் உடையை நகரத்துக் காவல்துறையினர் சிலர் எடுத்து அணிந்தனர். ஏறக்குறைய ஈராண்டு இக்கூத்து நடந்தது. அபிமானிகள் கொதித்தனர்.

நமது மேசையிலும் இதுவே சூடான பகுதி. பதிப்பகத்தார் பக்கம் நின்று பேசினவர் கப்பல் பட்டறை அன்பர். அவர் வாதத்தைக் குறைத்துச் சொல்வது நேர்மையன்று. அது வலிமையான வாதம். நினைவு போனதனால்தானே அவன் முதன்முறையாகப் பேட்மேன் நிழலில்லாமல் வாழ்ந்தான்? தனக்குப் பிடித்த தொழில், தனக்குப் பிடித்த பெயர், எவன் கட்டளையும் இல்லை. நீங்கள் விடுதலை விடுதலை என்கிறீர்கள். இதைவிட வேறென்ன விடுதலை? இவ்வாறு அவர் கேட்டபோது மாணவர் சிறிது தடுமாறினார். விடையிறுத்தவர் தாதி அம்மையார். தம் மருத்துவமனையில் முதியோர் பிரிவில் பணிபுரிபவர் அவர். நினைவிழந்த முதியவரைப் பிள்ளைகள் பார்க்க வருவர். அவர் அமைதியாகவே இருப்பார், கவலையில்லை, கடனில்லை, பகையில்லை. அதனை விடுதலை என்று எந்தப் பிள்ளையும் சொல்லக் கேட்டதில்லை என்றார். பின்பு குரலைத் தாழ்த்தி, "செத்திருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். அவன் தானா சம்பாதிச்ச பெயரையே மறக்க வச்சாங்களே, அதான் பொறுக்கலை" என்றார்.

நாம் சாத்தனாரை அழைப்பது இவ்விடத்தில்தான்.

துணைமாந்தர் ஒருவர் தனிக் காப்பியத் தலைமை பெற்ற வரலாறு தமிழில் உண்டா என்றால், உண்டு. ஐம்பெருங்காப்பியத்துள் ஒன்றே அது. சிலப்பதிகாரத்தில் மணிமேகலை யார்? கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்த குழந்தை. கதை அவளைப் பற்றியதன்று. ஆனால் சாத்தனார் அக்குழந்தையை வளர்த்து, அவளையே தலைவியாக்கி, அவள் பெயரையே நூலுக்கும் இட்டார். அவள் பிறந்த குலத்துக்கு ஆடலும் பாடலும் தொழில். இந்திரவிழாத் தொடங்குகிறது, மாதவியும் மகளும் அரங்குக்கு வரவில்லை. ஊர் அலர் தூற்றுகிறது. பாட்டி சித்திராபதி வருந்திச் சினந்து, வயந்தமாலையை அனுப்பி அழைக்கிறாள். வராமற்போகவே, அரசிளங்குமரன் உதயகுமரனைத் தூண்டிவிட்டு எவ்வாறேனும் பேத்தியை மீண்டும் மேடைக்குக் கொண்டுவரப் பார்க்கிறாள். சித்திராபதி கொடியவள் அல்லள். அவள் குலமுறையின் கணக்குப்பிள்ளை. ஆடுவதற்கென்று பிறந்தவள் ஆடாவிட்டால் வருமானம் என்னாவது, விழா என்னாவது, ஊர் என்ன சொல்லும் என்பதே அவள் கவலை. பதிப்பகத்தாரின் கவலையும் வேறன்று. ராபின் ராபினாகவே இருந்தால் பேட்மேனுக்கு வயதேறாது. வயதேறாவிட்டால் குறி வாடாது.

மணிமேகலை எவ்வாறு விடுபட்டாள்? மறந்து விடுபடவில்லை. மணிபல்லவத் தீவிலே பீடிகையைக் கண்டு, தன் முன்னைப் பிறப்பை நினைவு பெற்று விடுபட்டாள். முற்பிறப்பு உண்டோ இல்லையோ, அது இங்கு வழக்கன்று. தான் யார், எங்கிருந்து வந்தாள், எதனை விட்டு வந்தாள் என்ற அறிவையே சாத்தனார் அவள் விடுதலைக்கு வாயிலாக வைத்தார் என்பதே நாம் காட்ட விரும்புவது. ஊஞ்சலும் முகமூடியும் சிறுவனுடையும் அதைக் களைந்த நாளும் எல்லாம் நினைவிலிருக்க, 'ஆயினும் நான் வேறு' என்று நிற்பவனே தனித்து நின்றவன். நினைவைச் சுட்டு வீழ்த்திவிட்டு, 'இதோ சுதந்திரன்' என்பது, அடிமை ஓலையைக் கிழிப்பதற்குப் பதிலாக ஆளின் கண்ணைக் குத்திவிட்டு 'இனி உன்னால் ஓலையைப் படிக்க முடியாதல்லவா' என்பதை ஒக்கும். ஆகவே தாதி அம்மையார் கட்சியே நமது கட்சி. 2005இல் கொல்ல நினைத்ததை மன்னிக்கலாம். கதையில் சாவும் ஒரு முடிவுதான். 1987இல் வெளியேற்றத்தை நீக்கமாக்கியதும், 2018இல் நினைவையே பறித்ததும் ஒரே செயலின் இரு பாதிகள் என்று கொள்கிறோம்.

எனினும் அபிமானிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வாசகன் சொல்வதே நீதி என்று மாணவ நண்பர் மேசையைத் தட்டினார். வாசகர் கையில் ஒருமுறை நீதி கொடுக்கப்பட்டதுண்டு. 1988இல், இரண்டாம் ராபினாகிய ஜேசன் டாடை வெடிகுண்டு வெடித்த கட்டடத்துக்குள் விட்டுவிட்டு, அவன் பிழைக்கட்டுமா சாகட்டுமா என்று பதிப்பகத்தார் வாசகரையே கேட்டனர். இரண்டு தொலைபேசி எண்கள்; அழைப்பு ஒன்றுக்கு ஐம்பது சென்ட் கட்டணம். சாகட்டும் என்றோர் 5,343. பிழைக்கட்டும் என்றோர் 5,271. எழுபத்திரண்டு அழைப்பு வேறுபாட்டில் ஒரு சிறுவன் மாண்டான். அவன் செய்த குற்றம் என்ன? கிரேசனைப் போலில்லை என்பதுதான்! முதல் துணைவன்மேல் வைத்த அன்பே இரண்டாம் துணைவனுக்குத் தூக்குக் கயிறாயிற்று. கதைக்குள் நின்ற கொடியவனைவிடக் கதைக்கு வெளியே ஐம்பது சென்ட் கொடுத்தவர்கள் கொடியவர்களாயினர். உரிமை பதிப்பகத்தாரிடமிருந்து வாசகருக்கு மாறினால், உடைமைக்காரன் பெயர் மாறுமேயன்றி உடைமை உடைமைதான். புகார் நகரத்து மக்களும் மணிமேகலையின் அபிமானிகளே. அவளை ஆட வரச்சொல்லித்தான் அலர் தூற்றினர்.

பதிப்பகத்தார் துணைவரை நடத்தும் முறை கதைக்குள்ளே மட்டும் இருப்பதன்று. ராபினைப் படைத்தவர்களுள் ஒருவர் பில் ஃபிங்கர். பேட்மேனின் முதற்கதையை எழுதியவரும் அவரே. மேலங்கி, முகமூடி, கோதம் என்ற நகரப்பெயர் முதலியவற்றில் அவர் பங்கு பெரிது. ஆனால் ஒப்பந்தம் செய்துகொண்டவர் பாப் கேன் ஒருவரே. இதழ்தோறும் படைத்தவர் பெயராக அவர் பெயர் மட்டும் அச்சாயிற்று. ஃபிங்கர் 1974இல் வறுமையிலே மறைந்தார். ஆய்வாளர் சிலர் பல்லாண்டு விடாது தேடி அவர் வழிவந்தோரைக் கண்டுபிடித்த பின்னர், 2015இல்தான், 'பாப் கேன், உடன் பில் ஃபிங்கர்' என்று அச்சிட ஒப்புக்கொண்டனர். 'உம்' அன்று, 'உடன்'. துணைவனைப் படைத்தவரும் துணைவராகவே அச்சேறினார். கப்பல் பட்டறை அன்பர் இதனைக் கேட்டுச் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்பு, தாம் வேலை செய்த கப்பல்களில் ஒன்றிலும் பற்றுவைத்தவர் எவர் பெயரும் இல்லை என்றார். நாம் அமர்ந்திருந்த பூன் லே என்னும் பெயரே இங்கு ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த சூ பூன் லே என்ற வணிகர் பெயர். பால் வெட்டியவர் பெயரால் ஒரு பேருந்து நிறுத்தமேனும் உண்டோ என்று அவர் கேட்டார். பேச்சு வேறு திசையில் போகவே, தாதி அம்மையார் அதனைத் திருப்பினார்.

2021 முதல் நிகழ்ந்த மாற்றத்தைச் சொல்லாவிடில் ஒருதலை வழக்காகும். ஆஸ்திரேலிய எழுத்தாளர் டாம் டெய்லரும் ஸ்பானிய ஓவியர் புரூனோ ரெடோண்டோவும் அவ்வாண்டு 78ஆம் இதழிலிருந்து பொறுப்பேற்றனர். நினைவு முந்தைய ஆண்டே மீண்டுவிட்டது. பேட்மேன் வீட்டுப் பணியாளராகவும் கிரேசனை வளர்த்தவராகவும் இருந்து மாண்ட ஆல்ஃபிரட், தாம் சேர்த்த பெருஞ்செல்வத்தை அவனுக்கு எழுதி வைத்திருந்தார் என்று கதை தொடங்குகிறது. கிரேசன் அப்பணத்தைக் கொண்டு பறக்கும் வண்டி வாங்கவில்லை. ஆல்ஃபிரட் பெயரால் ஓர் அறநிலையம் அமைத்து, வீடற்றோர்க்கு இருப்பிடமும் சிறார்க்குப் பாதுகாப்பும் தேட முற்படுகிறான். அதனால் ஊர்ப் பெரிய மனிதர்களின் பகையைச் சம்பாதிக்கிறான். மூன்று காலுள்ள நாய்க்குட்டி ஒன்றையும் எடுத்து வளர்க்கிறான். 87ஆம் இதழ் முழுதும் ஒரே நீண்ட ஓவியமாய், பக்கங்களை ஒட்டினால் இடையறாது ஓடும்படி வரையப்பட்டது. மாணவ நண்பர் அதனைத் தம் கைப்பேசியில் காட்டினார். கூரையும் படியும் சாளரமுமாக, ஒரே நகரத்தில் அவன் குதிப்பதும் விழுவதும் எழுவதும் கண்ணை இழுத்துக்கொண்டே போகின்றன. ஊஞ்சலாடியின் மகன் என்பதை இதைவிட நன்றாக எழுத்தால் சொல்லியிருக்க முடியாது. 2023இல் சிறந்த தொடர் இதழுக்கான ஐஸ்னர் பரிசு இதற்குக் கிடைத்தது. டெய்லர் 2024 வரை எழுதினார்.

இதிலும் நமக்கு ஒரு குறை உண்டு. செல்வம் எங்கிருந்து வந்தது? மீண்டும் அந்த மாளிகையிலிருந்துதான். தனித்து நின்றவன் தன் காலில் நிற்கப் பழைய வீட்டுப் பணம் வேண்டியிருக்கிறது. தாதி அம்மையார் இதனை மறுத்தார். பணம் முதலாளியுடையதன்று, பணியாளருடையது. ஒரு பணியாளர் மற்றொரு பணியாளருக்குக் கொடுத்தது என்றார். நாமும் எண்ணிப் பார்த்தோம். மணிமேகலை கையிலிருந்த அமுதசுரபியும் அவள் ஈட்டியதன்று. ஆபுத்திரன் பொய்கையில் விட்டுச் சென்றதே. அதனைக் கொண்டு அவள் ஊரார் பசியைத் தீர்த்தாள், சிறைக்கோட்டத்தைக்கூட அறக்கோட்டமாக்கினாள். ஆகவே நமது குறையைச் சற்றுக் குறைத்துக்கொள்கிறோம். முழுதும் விட்டுவிட மனமில்லை.

விட மனமில்லாததற்குக் காரணம் ஒன்றுண்டு. நல்ல எழுத்தாளர் ஒருவர் வந்தார், நன்றாக எழுதினார், போனார். அடுத்து வரும் ஆசிரியர் மீண்டும் அவனைச் சுடச் சொன்னால் யார் தடுப்பார்? சாத்தனார் மணிமேகலையைப் பாட இளங்கோவடிகளிடம் சீட்டு வாங்கவில்லை. சிங்கப்பூர் ஓவியர் சன்னி லியூ, எழுத்தாளர் ஜீன் லுவென் யாங்குடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட ஷேடோ ஹீரோ என்ற நூலும் இவ்வகையதே. 1944இல் சூ ஹிங் என்ற சீன அமெரிக்க ஓவியர் படைத்த பச்சை ஆமை வீரனை, எழுபதாண்டு கழித்து, எவர் உடைமையுமாக இல்லாமையால் எடுத்துத் தம் விருப்பப்படி பிறப்பும் குலமும் தாயும் தந்தையும் கொடுத்து எழுதினர். நைட்விங்குக்கு அந்நிலை எப்போது வரும் என்று மேசையில் கணக்கிட்டோம். அமெரிக்கச் சட்டப்படி இத்தகைய வெளியீட்டுக்கு உரிமை தொண்ணூற்றைந்து ஆண்டு. 1940இல் வெளிவந்த சிறுவன் ராபின் 2036ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பொதுவுடைமையாவான். அவன் உடையைக் களைந்து தனித்து நின்ற 1984ஆம் ஆண்டு இதழோ 2080இல்தான். சிறுவனுக்கு முன்னே விடுதலை. வளர்ந்தவனுக்கு அதன்பின் மேலும் நாற்பத்து நான்கு ஆண்டு காவல்! மாணவ நண்பர் விரல்விட்டு எண்ணினார். அப்போது தமக்கு வயது எழுபத்தெட்டு இருக்கும் என்றார். கடைக்காரர் வந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு மேசையைத் துடைக்கத் தொடங்கவே, நாங்களும் எழுந்தோம்.